பிள்ளை பொருளியல் படிக்கிறேன் என்று சொன்னால்...

(துவாஸ் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்களுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நடந்த கல்விக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



வாரத்தில் ஆறு நாள் துவாஸுக்கு வந்து போகிறவர்களை ஏழாவது நாளும் துவாஸுக்கே வரவழைத்திருக்கிறோம். அதற்கு முதலில் மன்னிப்பு. வந்ததற்கு நன்றி.

இந்த அறையில் இரண்டு விதமான குடும்பங்கள் இருக்கிறீர்கள். பூன் லே, ஜூரோங் வெஸ்ட் பக்கம் வீவக வீட்டில் குடியிருந்து, பிள்ளையை இங்கேயே தொடக்கக் கல்லூரிக்கோ பலதுறைத் தொழிற்கல்லூரிக்கோ அனுப்புகிறவர்கள் ஒரு பக்கம். விடுதியில் தங்கி வேலை பார்த்துக்கொண்டு, புதுக்கோட்டையிலோ சிவகங்கையிலோ பிளஸ் டூ படிக்கும் பிள்ளைக்கு மாதம் பிறந்தால் பணம் அனுப்புகிறவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு பக்கமும் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "பொருளாதாரம் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?" பதில் சொல்கிறேன், தப்பித்து ஓட மாட்டேன். ஆனால் அதற்கு முன் அது என்ன படிப்பு என்று சொல்லியாக வேண்டும். கணக்குப்பிள்ளை வேலைக்கான படிப்பு என்றும், பாங்கில் உட்காருவதற்கான படிப்பு என்றும் நம் வீடுகளில் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஊரில் பொருளாதாரம், இங்கே பள்ளிக்கூடத்தில் பொருளியல். பெயர்தான் வேறு, பாடம் ஒன்று.

உங்களுக்குத் தெரிந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். லெவி. வெளிநாட்டு ஊழியர் ஒவ்வொருவருக்கும் முதலாளி மாதாமாதம் அரசாங்கத்துக்குக் கட்டும் தொகை. கட்டுமானத் துறையில் 2024 ஜனவரியிலிருந்து உயர்திறன் ஊழியருக்கு 500 வெள்ளி என்றும், அடிப்படைத் திறன் ஊழியருக்கு 900 வெள்ளி என்றும் அது நிர்ணயிக்கப்பட்டது. இந்தப் பணத்தை ஊழியரின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்பது சட்டம். சரி, அப்படியானால் அதை உண்மையில் சுமப்பது யார்?

"முதலாளிதான் கட்டுகிறார், அவர்தான் சுமக்கிறார்" என்று ஒருவர் சொல்வார். "ஒரு ஆளுக்கு மொத்தம் எவ்வளவு செலவு என்று முதலாளி முதலிலேயே கணக்குப் போடுகிறார், லெவி போக மிச்சம்தான் என் சம்பளம்" என்று இன்னொருவர் சொல்வார். "வீட்டு விலையில் ஏற்றி, வாங்குகிறவன் தலையில் கட்டிவிடுவார்கள்" என்பார் மூன்றாமவர். மூன்று பேரும் முட்டாள்கள் இல்லை. எவர் சொல்வது எப்போது சரி என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. யார் விலகிப் போக முடியாமல் நிற்கிறாரோ அவர் மேல்தான் சுமை விழும். வேறு வேலைக்குப் போக வழியில்லாத ஊழியர் என்றால் அவர் மேல். ஆள் கிடைக்காமல் திண்டாடும் கம்பெனி என்றால் அதன் மேல். எந்தப் பெயரில் ரசீது போடுகிறார்கள் என்பது அதைத் தீர்மானிப்பதில்லை. இது பொருளியலில் முதலாம் ஆண்டிலேயே வந்துவிடும் பாடம்.

இன்னும் ஒரு படி போவோம். இங்கே கிடைக்கும் சம்பளம் ஊரில் கிடைப்பதைவிட அதிகம். வரிசையில் நிற்பவர்கள் ஏராளம், இடமோ குறைவு. அப்போது அந்த இடத்துக்கே ஒரு விலை வந்துவிடுகிறது. அதுதான் ஏஜெண்ட் பணம். வரும்போது வட்டிக்கு வாங்கிக் கட்டினீர்களே, அது ஏதோ ஒரு கெட்ட மனிதரின் பேராசையால் மட்டும் வந்ததில்லை. இடம் குறைவு, ஆசை அதிகம் என்ற இடைவெளியிலிருந்து வந்தது. இங்குள்ள ஏஜெண்ட் ஊழியரிடம் வாங்கும் கட்டணத்துக்கு, ஒப்பந்தத்தின் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம் என்று 2011இல் சிங்கப்பூர் உச்சவரம்பு வைத்தது. ஆனால் திருச்சியில் கைமாறும் பணத்தை அந்த விதியால் தொட முடியாது. ஏஜெண்டைத் திட்டுவது நியாயம்தான், நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் ஒருவர் போனால் அந்த இடத்தில் இன்னொருவர் ஏன் முளைக்கிறார் என்பதற்குத் திட்டில் பதில் இல்லை. அதற்குத்தான் படிப்பு.

எங்கள் அப்பா கப்பல் பட்டறையில் வெல்டர். நான் பொருளியலில் சேர்ந்தபோது "சம்பளத்தைப் பற்றிப் படிக்க நாலு வருஷமா?" என்று கேட்டார். நாலு வருஷம் போதவில்லை என்பதுதான் உண்மை.

இது வெள்ளைக்காரன் படிப்பு, நமக்குச் சம்பந்தமில்லாதது என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 1915இல் சென்னைப் பல்கலைக்கழகம் இந்தியப் பொருளாதாரத்துக்கு ஒரு பேராசிரியரை நியமித்தது. கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர். புத்தகத்தை மட்டும் பாடமாக நடத்தாமல் மாணவர்கள் கையில் கேள்வித்தாளைக் கொடுத்து, விடுமுறையில் கிராமத்துக்குப் போய் விசாரித்து வரச் சொன்னார். யாருக்கு எவ்வளவு நிலம், கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு, சாப்பாடு என்ன என்று வீடுவீடாகக் கேட்கச் சொன்னார். இன்றைய விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டு, திருநெல்வேலிப் பக்கத்துக் கங்கைகொண்டான், பழைய தஞ்சாவூர் மாவட்டத்துப் பாலக்குறிச்சி ஆகியவையெல்லாம் அந்தக் கணக்கில் இருக்கின்றன. 1918இல் புத்தகமாக வந்தது. அதே கிராமங்களுக்கு 1930களில் மீண்டும் போனார்கள், அதற்குப் பிறகும் போனார்கள். இருவேல்பட்டுக்கு 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் போய், 1916 முதல் அதுவரை என்ன மாறியது என்று எழுதினார்கள். பண்ணையில் கட்டுண்டு கிடந்த படியாட்களின் பேரப்பிள்ளைகள் வெளிவேலைக்குப் போகத் தொடங்கியதும் நிலக்காரரின் பிடி எப்படித் தளர்ந்தது என்பது அதில் இருக்கிறது. இந்த அறையில் உட்கார்ந்திருப்பவர்களின் கதைக்கு அது வெகு தூரத்தில் இல்லை.

ஒன்றைக் கவனியுங்கள். 1916இல் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் பெரும்பாலும் நிலம் உள்ள வீட்டுப் பிள்ளைகள். கேள்வி கேட்டவர் அவர், பதில் சொன்னவர் படியாள். படியாள் வீட்டுப் பிள்ளை கேள்வித்தாளைத் தயாரித்திருந்தால் வேறு கேள்விகள் இருந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். அதைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

சிங்கப்பூரிலும் இதே கதைதான். கோ கெங் சுவீ என்ற பெயரை எல்லாரும் கேட்டிருப்பீர்கள். ஜூரோங் சதுப்பு நிலத்தில் தொழிற்பேட்டை போடப் போகிறேன் என்று அவர் சொன்னபோது 'கோவின் முட்டாள்தனம்' என்று கேலி செய்தார்கள். அந்த ஜூரோங்கின் மேற்கு வால்தான் நாம் இப்போது உட்கார்ந்திருக்கும் துவாஸ். அவர் 1959இல் நிதியமைச்சர் ஆவதற்கு முன் சமூகநலத் துறையில் வேலை பார்த்த பொருளியல் பட்டதாரி. 1953, 54இல் இந்த நகரத்து ஏழைக் குடும்பங்களின் வருமானத்தையும் குடியிருப்பையும் கணக்கெடுத்து, 1956இல் அறிக்கையாக வெளியிட்டார். தொழிற்சாலை கட்டுவதற்கு முன்னால் அவர் வீடுகளை எண்ணியிருக்கிறார்.

இப்போது நம்மை நேராகத் தொடும் விஷயத்துக்கு வருகிறேன். வீவக வீடு.

1989 மார்ச்சில் இன ஒருங்கிணைப்புக் கொள்கை வந்தது. ஒவ்வொரு புளோக்கிலும், ஒவ்வொரு வட்டாரத்திலும் எந்த இனத்தவர் எத்தனை விழுக்காடு வரை இருக்கலாம் என்ற வரம்பு. இந்தியர் மற்றும் இதரருக்கு 2010 முதல் வட்டாரத்தில் 12 விழுக்காடு, புளோக்கில் 15 விழுக்காடு. சீனருக்கு 84, 87. ஒரே இனத்தார் ஒரே இடத்தில் குவிந்துவிடக் கூடாது என்பது நோக்கம். அந்த நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. தனித்தனிச் சேரிகளாக வாழ்ந்த ஊர்களில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும்.

ஆனால் விற்கும்போது என்ன ஆகிறது? உங்கள் புளோக்கில் சீனர் வரம்பு நிரம்பிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வீடு வைத்திருக்கும் தமிழர் ஒரு சீனருக்கு விற்க முடியாது. பக்கத்து வீட்டுச் சீனர் இன்னொரு சீனருக்குத் தாராளமாக விற்கலாம், ஏனென்றால் விழுக்காடு மாறாது. ஆக, ஒரே புளோக், ஒரே மாடி, ஒரே அளவு வீடு. ஒருவருக்கு வாங்க ஆள் நிறைய. நமக்கு ஆள் கொஞ்சம். வாங்க வருபவர் குறைந்தால் விலை என்ன ஆகும் என்று சந்தையில் மீன் விற்பவரைக் கேட்டாலும் சொல்வார்.

பல வருஷம் இது காப்பிக் கடைப் புலம்பலாகவே இருந்தது. "எங்கள் வீடு விலை போகவில்லை" என்றால், "மாடி சரியில்லை, வாசல் திசை சரியில்லை, நீங்கள் கேட்கும் விலை அதிகம்" என்று சொல்லி முடித்துவிடலாம். மேசி வோங் என்ற பொருளியலாளர் என்ன செய்தார் தெரியுமா? சிங்கப்பூர் தொலைபேசிப் புத்தகத்தை எடுத்தார். அதிலுள்ள லட்சக்கணக்கான பெயர்களைப் பார்த்து எந்தப் புளோக்கில் எந்த இனத்தவர் எத்தனை பேர் என்று பிரித்தார். வரம்பை ஒட்டி இருக்கும் புளோக்குகளையும் சற்று எட்டி இருக்கும் புளோக்குகளையும் ஒப்பிட்டு, வீட்டு விலைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இந்த வரம்பு விலையில் தடம் பதிக்கிறது என்பதை 2013லும் 2014லும் உலகின் பெரிய பொருளியல் இதழ்களில் வெளியிட்டார். நம் பெயர் நம் இனத்தைச் சொல்லிவிடுகிறது என்பது நமக்குப் பழைய செய்தி. அதையே ஒரு அளவுகோலாக ஆக்கலாம் என்பது எனக்குப் புதிதாக இருந்தது.

2021இல் இது நாடாளுமன்றத்திலும் பேசப்பட்டது. சிறுபான்மையினருக்கு விற்பதில் சிரமம் இருக்கிறது என்பதை அரசாங்கமும் ஒப்புக்கொண்டது. 2022 மார்ச்சில், இந்த வரம்பினால் விற்க முடியாமல் திண்டாடும் குடும்பங்களின் வீட்டை, நிபந்தனைகளுக்கு உட்பட்டுக் கடைசி வழியாக வீவகவே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு அறிவிக்கப்பட்டது. ஓர் ஆய்வுக் கட்டுரையால் அது வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். பலர் பல வருஷம் பேசியதால் வந்தது. ஆனால் மனக்குறையாகப் பேசுவதும் எண்ணோடு பேசுவதும் ஒன்றில்லை. இந்த நாட்டுக் குடியிருப்பாளர்களில் நாம் ஏறக்குறைய 9 விழுக்காடு. கை தூக்கி ஓட்டெடுத்தால் நாம் எப்போதும் குறைவுதான். நம் வழக்கை எடுத்து வைக்க நமக்குள்ளேயே எண் தெரிந்தவர்கள் வேண்டும்.

சரி, வேலை.

ஒளிக்காமல் சொல்கிறேன். தாதிமைப் படிப்பு முடித்தவருக்கு மருத்துவமனையில் ஒரு இடம் காத்திருக்கிறது. பொருளியல் முடித்தவருக்கு அப்படிக் கதவில் பெயர் எழுதிய அறை கிடையாது. வங்கி, காப்புறுதி, அமைச்சுகள், புள்ளிவிவரத் துறை, ஆலோசனை நிறுவனம், பள்ளி ஆசிரியர் வேலை, கப்பல் சரக்குத் துறை என்று பல பக்கம் போகிறார்கள். துவாஸில் 2022இல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட புதிய துறைமுகம், 2040களில் முழுதாக முடியும்போது ஆண்டுக்கு 6 கோடியே 50 லட்சம் கொள்கலன் அளவைக் கையாளும் என்கிறார்கள். கிரேன் ஓட்டுவது தானியங்கியாகிவிட்டது. எந்தக் கப்பலுக்கு என்ன கட்டணம், எங்கே நெரிசல் வரும் என்று கணக்குப் பார்க்க ஆள் வேண்டும். அந்த வேலைக்கு இந்தப் படிப்பு ஒரு வழி.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. கணக்கு. பொருளியலைக் கட்டுரைப் பாடமாக நினைத்துச் சேர்ந்த பிள்ளைகள் இரண்டாம் ஆண்டில் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். கால்குலஸ், புள்ளியியல், கணினியில் தரவைக் கையாள்வது ஆகிய மூன்றும் வேண்டும். பிள்ளைக்குக் கணக்கு பிடிக்கும் என்றால் முதன்மைப் பாடமாகவே எடுக்கட்டும். கணக்கு சுமார்தான், ஆனால் நாட்டு நடப்பில் ஆர்வம் உண்டு என்றால் துணைப்பாடமாக எடுப்பது நல்லது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம், நன்யாங், சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம் எல்லாவற்றிலும் பொருளியல் இருக்கிறது. பொறியியலோ சமூகவியலோ முதன்மையாகப் படித்துக்கொண்டு பொருளியலைத் துணையாக வைத்துக்கொள்ளவும் வழி உண்டு. துணைப்பாடம் என்பதால் மட்டம் என்று நினைக்காதீர்கள். கூலியும் விலையும் புரிந்த ஒரு பொறியாளர், ஒரு சமூக ஊழியர், ஒரு தொழிற்சங்கக்காரர் நமக்கு வேண்டியவர்தான்.

பணம். குடிமக்களின் பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணக் கடன், மானியம் போக வரும் கட்டணத்தில் 90 விழுக்காடு வரை கிடைக்கும். படிப்பு உதவிநிதிக்கு பல்கலைக்கழகத்திலும் சிண்டாவிலும் விண்ணப்பியுங்கள். உங்கள் சம்பளத்திலிருந்து மாதாமாதம் சிண்டாவுக்குப் போகிறதல்லவா, கேட்பதில் கூச்சம் எதற்கு? அப்பாவின் மசேநிதியிலிருந்து எடுப்பதை மட்டும் யோசித்துச் செய்யுங்கள். அது அப்பாவின் முதுமைக் காலப் பணம். பிள்ளை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டிய கடன் என்பதைப் பிள்ளையிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். நாலு வருஷம் வேலைக்குப் போயிருந்தால் வந்திருக்கும் சம்பளமும் படிப்புச் செலவுதான். பொருளியலில் அதற்குத் தனிப் பெயரே உண்டு, வாய்ப்புச் செலவு என்பார்கள். அதையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஊரில் பிள்ளை படிக்கும் அண்ணன்மார்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அரசுக் கலைக் கல்லூரியில் பி.ஏ. பொருளாதாரம் செலவு குறைந்த படிப்பு, தமிழ் வழியிலும் படிக்கலாம். வேறெதிலும் இடம் கிடைக்காதவர்கள் சேரும் படிப்பு என்று அதற்கு ஒரு கெட்ட பெயர் இருக்கிறது. அந்தப் பெயர் முழுக்க அநியாயம் என்று சொல்ல முடியாது. கைடை மனப்பாடம் செய்து தேறிவிட்டால் அது வெறும் காகிதம்தான். ஆகவே பிளஸ் டூவில் கணக்கை விட்டுவிட வேண்டாம். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. ஆனர்ஸ் பொருளாதாரத்துக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கு கட்டாயம். சென்னையில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் இருக்கிறது. மால்கம் ஆதிசேசய்யா 1971இல் தொடங்கிய வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கிறது. மத்திய அரசின் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வை எழுதப் பொருளாதாரத்தில் முதுகலை வேண்டும். பி.ஏ.வோடு நிறுத்தினால் ஒரு கணக்கு, எம்.ஏ. வரை போனால் வேறு கணக்கு. இரண்டையும் பிள்ளையோடு வீடியோ அழைப்பில் உட்கார்ந்து பேசுங்கள். பெண் பிள்ளைக்கு எதற்கு இவ்வளவு என்று யாராவது சொன்னால், வீட்டுச் செலவைக் கணக்குப் பார்த்து நடத்துவது யார் என்று அவரைத் திருப்பிக் கேளுங்கள்.

"தர்மனைப் பார்" என்று பிள்ளைகளிடம் சொல்கிறோம். லண்டனிலும் கேம்பிரிட்ஜிலும் பொருளியல் படித்து, நாணய வாரியத்தில் பொருளியலாளராகத் தொடங்கி, நிதியமைச்சராகி, 2023இல் 70.4 விழுக்காடு வாக்கில் அதிபரான தமிழர். பெருமைதான். ஆனால் அவர் தந்தை பெயர் பெற்ற மருத்துவப் பேராசிரியர். வெல்டர் வீட்டுப் பிள்ளையை அவரோடு ஒப்பிட்டுப் படுத்தாதீர்கள். எனக்கு நினைவுக்கு வருபவர் லிம் சோங் யா. தேசியச் சம்பள மன்றத்துக்கு 1972 முதல் 2001 வரை தலைவராக இருந்த பேராசிரியர். ஓய்வு வயதைத் தாண்டிய பிறகு, 2012இல், 1,500 வெள்ளிக்குக் கீழே வாங்குபவர்களின் சம்பளத்தை மூன்று ஆண்டில் 50 விழுக்காடு உயர்த்த வேண்டும், 15,000க்கு மேலே வாங்குபவர்களுக்கு உயர்வை நிறுத்தி வையுங்கள் என்று பகிரங்கமாகச் சொன்னார். அப்படியே யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் துப்புரவு ஊழியரின் சம்பளத்தைப் பற்றி நாடே பேசியது. துப்புரவுத் துறையில் படிப்படியான சம்பள உயர்வு முறை 2014இல் கட்டாயமாக்கப்பட்டது. துடைப்பம் பிடிக்கும் நம் அம்மாமார்கள் பலருக்கு அந்தச் சம்பளச் சீட்டு தெரியும்.

சீட்டு என்றதும் ஒரு வேலை ஞாபகம் வருகிறது. 2016 ஏப்ரல் முதல் விவரமான சம்பளச் சீட்டு தருவது இங்கே சட்டப்படி கட்டாயம். உங்கள் சீட்டை இன்று இரவு பிள்ளையிடம் கொடுங்கள். ஊரில் இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். அடிப்படைச் சம்பளம், ஓவர்டைம், பிடித்தம் எல்லாவற்றையும் பார்க்கட்டும். "இந்தத் தொகையை யார் முடிவு செய்தார்கள்? ஏன் இவ்வளவு? ஏன் கூடவில்லை?" என்று பிள்ளை இரண்டாவது, மூன்றாவது கேள்வி கேட்டால், அந்தப் பிள்ளைக்கு இந்தப் படிப்பு ஒத்து வரும். பார்த்துவிட்டுச் சும்மா வைத்துவிட்டால் வேறு படிப்பு படிக்கட்டும், அதிலும் குறையில்லை.

தேநீர் வந்துவிட்டது. விடுதிக்குத் திரும்பும் லாரி ஆறரைக்கு என்று சொன்னார்கள், அதனால் அங்கே போகிற அண்ணன்மார்கள் முதலில் கேளுங்கள்.